தேய்ந்த ஷில்லிங்கின் நஷ்டம் யார் தலையில்?

1695-இல் இங்கிலாந்தின் கருவூலத்துக்கு வந்து சேர்ந்த பழைய வெள்ளிக் காசுகளைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கைப்படி அவற்றின் மதிப்பு 57,200 பவுண்டு. சட்டப்படி அவ்வளவு காசும் 2,20,000 அவுன்ஸுக்கு மேல் எடை இருந்திருக்க வேண்டும். தராசு காட்டியதோ 1,14,000 அவுன்ஸுக்கும் கீழே. ராஜ முத்திரை பதித்த நாணயத்தில் பாதி வெள்ளியைக் காணவில்லை. மக்கள் கைமாற்றிக்கொண்டிருந்தது முகமதிப்பில் முழுக் காசு, உலோகத்தில் அரைக் காசு.

இந்தச் சீர்கேட்டை எப்படிச் சரிசெய்வது என்று அந்த ஆண்டில் எழுந்த விவாதம் பொருளாதார வரலாற்றில் புகழ்பெற்றது. தத்துவ மேதை ஜான் லாக், கருவூலச் செயலர் வில்லியம் லவுண்ட்ஸ், ஐசக் நியூட்டன், லண்டன் தேவாலயங்களைக் கட்டிய கிறிஸ்டோஃபர் ரென் எனப் பலரிடமும் அரசு யோசனை கேட்டது. காசில் எவ்வளவு வெள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் முன்னிருந்த கேள்வி. காணாமல்போன வெள்ளிக்கான நஷ்டத்தை யார் ஏற்பது என்ற கேள்வி அதற்கடியில் கிடந்தது. முதல் கேள்விக்கு நாடாளுமன்றம் பெருமையோடு பதில் சொன்னது. இரண்டாவதை அரைகுறையாக விட்டது. விளைவு, பெரும்செலவில் அடித்த புதுக்காசு சில ஆண்டுகளிலேயே உருகிக் கப்பலேறியது.

ஓரம் நறுக்கியவர்கள்

வெள்ளி எப்படிக் காணாமல்போயிற்று என்பதில் மர்மம் இல்லை. 1662 வரை இங்கிலாந்தில் நாணயத்தைச் சுத்தியலால் அடித்துத்தான் செய்தார்கள். வட்டம் சரியாக இராது. விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். அதன் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கினால் யாருக்கும் தெரியாது. நறுக்கிய துணுக்குகளை உருக்கிப் பாளமாக்கினால் பொற்கொல்லரிடம் நல்ல விலை. ஒவ்வொரு கையும் கொஞ்சம் நறுக்க, காசு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது.

சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. காசின் ஓரம் நறுக்குவது ராஜத் துரோகம். ஆண்களுக்குத் தூக்கு, பெண்களை எரித்துக் கொல்லத் தீர்ப்பு. துப்புக் கொடுப்பவருக்கு 40 பவுண்டு வெகுமதி என்றும் அறிவித்துப் பார்த்தார்கள். நறுக்குவது நிற்கவில்லை.

1662-க்குப் பிறகு இயந்திரம் வந்தது. அதில் அடித்த காசு சரியான வட்டமாகவும் ஓரத்தில் எழுத்தோ வரியோ பதித்ததாகவும் இருந்தது. நறுக்கினால் உடனே தெரிந்துவிடும். ஆனால் பழைய காசைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறாமலேயே புதியதையும் புழக்கத்தில் விட்டார்கள். தேய்ந்த ஷில்லிங்கும் முழு ஷில்லிங்கும் கடையில் ஒரே மதிப்பு என்றால், யார் முழுசைச் செலவழிப்பார்கள்? நல்ல காசு பெட்டிக்குள்ளும் உருக்குக் குகைக்குள்ளும் போயிற்று. மோசமான காசு சந்தையில் சுற்றியது.

இதற்கிடையே 1689-இல் பிரான்ஸுக்கு எதிரான போரில் இங்கிலாந்து இறங்கியது. ஃபிளாண்டர்ஸில் சண்டையிட்ட படைக்குச் சம்பளமும் சாப்பாடும் கொடுக்கப் பணம் கடல் கடந்தாக வேண்டும். அயல்நாட்டான் ராஜாவின் தலையைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்ப்பான். இங்கிலாந்துப் பணத்தின் மதிப்பு வெளியே சரிந்தது. உள்ளூரில் பாள வெள்ளி அவுன்ஸுக்கு 6 ஷில்லிங் 5 பென்னி வரை ஏறியது. நாணயச்சாலை ஓர் அவுன்ஸ் வெள்ளியை வெறும் 5 ஷில்லிங் 2 பென்னிக்கான காசாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் 20 ஷில்லிங்காகக் கருதி வெளியிட்ட கினி என்ற தங்கக் காசு, 1695 நடுவில் 30 ஷில்லிங்குக்குக் கைமாறியது. வெள்ளிக் காசின்மீது நாட்டுக்கு நம்பிக்கை போய்விட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

லவுண்ட்ஸின் யோசனை

கருவூலச் செயலர் லவுண்ட்ஸ் பழைய ஏடுகளையெல்லாம் புரட்டி ஓர் அறிக்கை எழுதினார். இங்கிலாந்து மன்னர்கள் காலங்காலமாகக் காசின் எடையைக் குறைத்தே வந்திருக்கிறார்கள் என்று அதில் காட்டினார். எலிசபெத் காலம் முடிகிற தறுவாயில், 1601-இல், ஒரு டிராய் ராத்தல் வெள்ளிக்கு 62 ஷில்லிங் என்று நிர்ணயித்தது அந்த நீண்ட இறக்கத்தின் கடைசிப் படி. சந்தையில் வெள்ளி விலை ஏறியிருக்கும்போது அந்தப் பழைய எடையிலேயே புதுக்காசு அடித்தால், அடித்த சூட்டோடு அதை உருக்கிவிடுவார்கள் என்றார் அவர். காசுகள் அனைத்தையும் திரும்பப் பெற்று இயந்திரத்தில் அடிப்போம். ஆனால் 5 ஷில்லிங் மதிப்புள்ள கிரவுன் காசை 6 ஷில்லிங் 3 பென்னி என்று அழைப்போம் என்பது அவர் யோசனை. அதாவது, ஒவ்வொரு ஷில்லிங்கிலும் வெள்ளி ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

நியூட்டனும் தம் கருத்துரையில் ஏறக்குறைய இந்தப் பக்கமே சாய்ந்தார். பின்னாளில் எதிர்த்தரப்பின் திட்டத்தை நடத்திக்கொடுக்கும் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது.

லாக்கின் மறுப்பு

இதைப் படித்த லாக் கொதித்துப்போனார். வணிகத்தின் அளவுகோல் வெள்ளி. அதிலுள்ள எடைதான் மதிப்பு. மேலே பதித்த முத்திரை அந்த எடைக்கு அரசன் தரும் உத்தரவாதம் மட்டுமே என்பது அவர் கோட்பாடு. ஓர் அவுன்ஸ் வெள்ளி எப்போதும் ஓர் அவுன்ஸ் வெள்ளிக்குத்தான் சமம். 5 ஷில்லிங்கை 6 ஷில்லிங் 3 பென்னி என்று அழைத்துவிட்டால் வெள்ளி கூடிவிடாது. மாறாக, 100 பவுண்டு கடன் கொடுத்தவனுக்கு 80 பவுண்டு பெறுமான வெள்ளிதான் திரும்பி வரும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவனுக்கும் அதே கதி. நறுக்கியவனைத் தூக்கிலிடும் அரசு, தானே சட்டம் போட்டு நறுக்கலாமா என்பதுதான் அவர் கேள்வியின் சாரம்.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நாடாளுமன்றத்திலும் அதுதான் எடுபட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நிலச்சுவான்தார்கள், அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

தராசு சொன்ன சேதி

லாக்கின் கோட்பாட்டை அவர் காலத்துச் சந்தையை வைத்தே சோதிக்கலாம். காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளி மட்டுமே என்றால், பாதி எடையிழந்த காசுக்கு வாங்கும்போது வெள்ளி விலை ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்க வேண்டும். 5 ஷில்லிங் 2 பென்னியாக இருந்தது 10 ஷில்லிங்கைத் தொட்டிருக்க வேண்டும். உண்மையில் அது 6 ஷில்லிங் 5 பென்னி வரைதான் ஏறியது. எடை இழப்பு ஏறத்தாழ 49 விழுக்காடு. விலை ஏற்றம் சுமார் 24 விழுக்காடு. இந்த இடைவெளியை எது நிரப்பியது? அரசு இந்தக் காசை வரிக்கு ஏற்றுக்கொள்கிறது, அடுத்தவன் வாங்கிக்கொள்வான் என்ற பழக்கமும் சட்டமும்தான். நிக்கோலஸ் பார்பன் என்ற எழுத்தாளர் 1696-இல் லாக்கை எதிர்த்து இதைத்தான் வாதிட்டார்: காசுக்கு மதிப்புத் தருவது அரசின் அதிகாரம். அவர் குரல் சபை ஏறவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. லவுண்ட்ஸின் புது ஷில்லிங்கில் பழைய சட்ட எடையில் 80 விழுக்காடு வெள்ளி இருந்திருக்கும். அன்று கடன்காரர்களும் குத்தகைதாரர்களும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த காசில் இருந்ததோ சுமார் 51 விழுக்காடு. ஆக, கடன் கொடுத்தவர் அதுவரை கையில் வாங்கியதைவிட அதிக வெள்ளியைத்தான் லவுண்ட்ஸின் திட்டம் கொடுத்திருக்கும். லாக் அதை ஏட்டில் இருந்த எடையோடு ஒப்பிட்டுத் திருட்டு என்றார். காசு தேயாத பழைய காலத்தில் முழு வெள்ளியாகக் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பாதிப்பு உண்டுதான். அவர்களுக்கென்று தனியாக ஒரு விதி எழுதியிருக்கலாம். அதற்காக ஒரு நாட்டின் சில்லறைப் புழக்கத்தையே பணயம் வைத்திருக்க வேண்டியதில்லை.

மே 4 என்ற கெடு

1696 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. பழைய எடை, பழைய மாற்று, ஒரு குன்றிமணிகூடக் குறையக் கூடாது. லாக் ஜெயித்தார். ஆனால் நறுக்கிய காசை உடனே எடைக்கு மட்டும் வாங்க வேண்டும், நஷ்டம் அதை வைத்திருப்பவனுக்கே என்ற அவருடைய கடுமையான யோசனையை நிதியமைச்சர் சார்லஸ் மாண்டேகுவும் நாடாளுமன்றமும் ஏற்கவில்லை. நஷ்டத்தை அரசே ஏற்கும் என்றார்கள். இதுவரை நல்லது. எப்படி ஏற்றது என்பதில்தான் சிக்கல்.

நறுக்கிய காசை முழு மதிப்புக்கு ஏற்க வைக்கப்பட்ட வாசல்கள் இரண்டே. 1696 மே 4-ஆம் தேதிவரை அதை வரியாகக் கட்டலாம். ஜூன் வரை அரசுக்குக் கடனாகத் தரலாம். வரி கட்டுகிறவர் யார், அரசுக்குக் கடன் கொடுக்கிறவர் யார்? நிலமும் தொழிலும் உள்ளவர்கள். கூலிக்காரனும் காய்கறி விற்பவளும் அன்றாடச் சம்பளத்தை நறுக்கிய ஷில்லிங்கிலேயே வாங்கினார்கள். அதை முழு மதிப்புக்கு மாற்ற அவர்களுக்கு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. வரி கட்ட வேண்டியவர்களிடம் அதைத் தள்ளுபடி விலைக்கு விற்பதைத் தவிர வழியில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று வாங்கியவர்கள் அதை அப்படியே கருவூலத்தில் முழு மதிப்புக்குக் கட்டினார்கள். நாட்டின் நஷ்டத்தை அரசு ஏற்றது. ஏழையின் நஷ்டம் ஏழையிடமே நின்றது.

கெடு முடிந்ததும் பணம் வற்றியது. பழைய காசு செல்லாது, புதியது வரவில்லை. இரண்டு நாள் கழித்து, மே 6-ஆம் தேதி, இரண்டு வயதுகூட நிரம்பாத பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வாசலில் நோட்டுகளோடு கூட்டம் குவிந்தது. வங்கியால் முழுதாகக் கொடுக்க முடியவில்லை. சந்தைகளில் கடனுக்கும் வாய்ச்சொல்லுக்கும் வியாபாரம் நடந்தது. லண்டன் நாணயச்சாலையின் வேகம் போதாமல் பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸெட்டர், நார்விச், யார்க் ஆகிய ஐந்து ஊர்களில் தற்காலிக நாணயச்சாலைகள் திறந்தார்கள். செஸ்டரில் மேற்பார்வைக்கு வந்தவர்களில் வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலியும் ஒருவர். 1696-இல் நாணயச்சாலையின் வார்டனாக வந்த நியூட்டன் வேலையை முடுக்கிவிட்டதுடன், கள்ளக்காசு அடித்தவர்களையும் விடாமல் துரத்தினார். அவர்களில் பேர்போன வில்லியம் சலோனர் 1699 மார்ச்சில் தூக்கில் தொங்கினார்.

செலவுக்கு வழி? வீடுகளின் ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். வீட்டுக்கு 2 ஷில்லிங். ஜன்னல் பத்தைத் தாண்டினால் இன்னும் கூடுதல். பரம ஏழைகளுக்கு விலக்கு இருந்தது. சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று வந்த அந்த வரி 1851 வரை ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. மறு அடிப்பின் மொத்தச் செலவு சுமார் 27 லட்சம் பவுண்டு. பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் தொடக்கத்தில் போருக்காக அரசுக்குத் திரட்டித் தந்த 12 லட்சத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கிழக்கே போன வெள்ளி

இத்தனை பாடுபட்டு அடித்த புதுக்காசு நாட்டில் தங்கியதா? மறு அடிப்புக்குப் பின் வெள்ளி விலை இறங்கியது உண்மை; அந்த அளவில் லாக் சொன்னது பலித்தது. ஆனாலும் பெரும்பாலான காலம் அது நாணயச்சாலை விலையான 5 ஷில்லிங் 2 பென்னிக்குச் சற்று மேலேயே நின்றது. அந்தச் சற்றே போதும். முழு எடை ஷில்லிங்கை உருக்கினால் ஒரு ஷில்லிங்குக்கு மேல் கிடைக்கும் என்றால், உருக்குபவன் உருக்கத்தான் செய்வான். பாள வெள்ளியை ஏற்றுமதி செய்ய 1663 முதலே சட்டம் அனுமதித்தது. உருக்கிய பின் அது எந்த ராஜாவின் காசாக இருந்தது என்று யார் கண்டார்?

அந்த வெள்ளி எங்கே போயிற்று என்பதில் நமக்கும் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வெள்ளியை ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் சூரத்துக்கும் வங்கத்துக்கும் வந்தன. துணி ஏற்றித் திரும்பின. நியூட்டன் 1717 செப்டம்பரில் கருவூலத்துக்குத் தந்த அறிக்கை இதன் காரணத்தைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறது. சீனத்திலும் ஜப்பானிலும் ஒரு ராத்தல் தங்கத்துக்கு ஒன்பது அல்லது பத்து ராத்தல் வெள்ளி, இந்தியாவில் பன்னிரண்டு. இங்கிலாந்திலோ, ஒரு கினிக்கு 21 ஷில்லிங் 6 பென்னி என்ற அன்றைய கணக்கில், ஏறத்தாழ பதினைந்தரை. இங்கிலாந்தில் தங்கத்துக்கு மதிப்பு அதிகம், வெள்ளிக்குக் குறைவு, கிழக்கே தலைகீழ். வெள்ளியைக் கிழக்கே அனுப்புவதில் கண்ணை மூடிக்கொண்டு லாபம்.

வெள்ளிக் காசில் எடையைக் கூட்டியும் குறைத்தும் வாதிட்ட 1695-இன் அறிஞர்கள் பெரும்பாலும் தவறவிட்ட புள்ளி இது. ஒரு நாட்டில் தங்கமும் வெள்ளியும் சேர்ந்து ஓடும்போது, இரண்டுக்கும் இடையிலான விகிதம் அந்த நாட்டுச் சட்டத்தில் ஒன்றாகவும் உலகச் சந்தையில் வேறொன்றாகவும் இருந்தால், மலிவாக மதிக்கப்பட்ட உலோகம் வெளியேறிவிடும். கினியின் விலையை இறக்க வேண்டும் என்று நியூட்டன் சொன்னார். பத்து அல்லது பன்னிரண்டு பென்னி குறைக்கலாம், முதலில் ஆறு பென்னி குறைத்துப் பார்ப்போம் என்றார். 1717 டிசம்பரில் கினி 21 ஷில்லிங் என்று பிரகடனம் வந்தது. அந்த ஆறு பென்னி போதவில்லை. வெள்ளி ஓட்டம் நிற்கவில்லை. இங்கிலாந்து யாரும் திட்டமிடாமலேயே தங்க நாணய நாடாகியது. பழைய வெள்ளித் தரத்தைக் காப்பதற்காகத் தொடங்கிய சீர்திருத்தம், வெள்ளியையே வெளியே அனுப்பிவிட்டது.

1816-இல் ஒரு வழி பிறந்தது. அந்த ஆண்டுச் சட்டம், ஒரு ராத்தல் வெள்ளியை 62-க்குப் பதில் 66 ஷில்லிங்காக அடிக்கச் சொன்னது. வெள்ளிக் காசு முகமதிப்பைவிடக் குறைந்த உலோகத்தோடு வேண்டுமென்றே அடிக்கப்பட்டது. ஒரு பரிவர்த்தனையில் 40 ஷில்லிங் வரைதான் அதைக் கட்டாயமாக ஏற்க வேண்டும் என்று வரம்பும் வைத்தார்கள். பெரிய கணக்குக்குத் தங்கம். உருக்கினால் நஷ்டம் என்பதால் சில்லறை நாட்டிலேயே தங்கியது. 120 ஆண்டுகளுக்கு முன் லவுண்ட்ஸ் சொன்னதன் அடிப்படை, வேறு உருவில், சட்டமாகியது.

அதே சமயத்தில் சென்னையில் நடந்தது வேடிக்கை. இங்கே கம்பெனிக் கணக்கு நெடுங்காலம் தங்க வராகனில் ஓடியது: ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. லண்டன் சட்டப்படியே தங்கத்துக்கு மாறிய இரண்டே ஆண்டில், 1818-இல், கம்பெனி சென்னை மாகாணத்தின் தர நாணயத்தை வெள்ளி ரூபாயாக மாற்றியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதம். ஆள்பவனுக்குத் தங்கம், ஆளப்படுபவனுக்கு வெள்ளி. எந்த உலோகம் சிறந்தது என்ற கோட்பாட்டால் இதை விளக்க முடியாது. யாருடைய கணக்குக்கு எது தோது என்பதுதான் தீர்மானித்தது.

எந்தச் சீர்திருத்தத்துக்கும் மூன்று கேள்விகள்

தங்கமும் வெள்ளியும் போய்க் காகிதமும் கைபேசித் திரையும் வந்த காலத்தில் இதையெல்லாம் ஏன் பேச வேண்டும்? பணத்தைச் சீர்திருத்தும் யோசனைகள் இன்னும் அதே மொழியில்தான் வருகின்றன: தூய்மை, கௌரவம், களையெடுப்பு. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு இந்தியாவில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே வீச்சில் போயிற்று. நோக்கம் வேறு, காலம் வேறு. ஆனால் வங்கிக் கணக்கு உள்ளவனும் இல்லாதவனும், வரிசையில் நிற்க நேரம் உள்ளவனும் அன்றைக் கூலியை நம்பியவனும் ஒரே கெடுவை ஒரே மாதிரி அனுபவிக்கவில்லை. 1696-இன் கூலிக்காரனுக்கு அது புரிந்திருக்கும்.

ஆகவே, நாணயச் சீர்திருத்தம் என்று யார் எந்த யோசனையோடு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அறிவிப்பு வரும் நாளில் பழைய பணம் யார் கையில் இருக்கிறது? மாற்றித் தரும் வாசல் அவர்களுக்குக் கெடு முடிவதற்குள் எட்டுமா? புதுப் பணத்துக்குச் சட்டம் வைக்கும் மதிப்பு, சந்தை வைக்கும் மதிப்போடு ஒத்துப்போகிறதா? முதல் இரண்டும் நியாயம் பற்றியவை. மூன்றாவது நிலைப்பு பற்றியது. 1696-இன் சட்டம் மூன்றிலும் தவறியது.

லவுண்ட்ஸ் சொன்ன எடையில் காசை அடித்திருந்தால் அரசின் செலவு கணிசமாகக் குறைந்திருக்கும்; மிச்சத்தில் சந்தைக்குச் சந்தை மாற்று மேடை போட்டு, வரி கட்டாதவருடைய காசையும் முழு மதிப்புக்கு வாங்கியிருக்கலாம். லாக் கேட்டது கடன் கொடுத்தவருக்கான நியாயம். அது தேவைதான். ஆனால் சம்பளமாகக் கிடைத்த அரைக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவரும் அரசின் முத்திரையை நம்பித்தான் அதை வாங்கினார். அவருக்குக் கொடுத்த வாக்கும் ஒப்பந்தம்தான். அதைக் காப்பாற்றும் விதியைச் சட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதாத எந்த யோசனையையும், அது எவ்வளவு பெரிய மேதையின் கையெழுத்தோடு வந்தாலும், திருப்பி அனுப்புவதே முறை.